மாணவர் போராட்டக் காலத்தில் இரவு தோசைக்கடை நடத்துவது எப்படி

தெற்கு டெல்லியில், முனிர்காவின் சந்து ஒன்றில் எங்களுக்கு இரவு தோசைக்கடை இருக்கிறது. மாலை ஆறரை மணிக்குக் கல் சூடாகும்; இரவு இரண்டு மணிக்கு அடுப்பு அணையும். நான் ஆத்தூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டுக்காரர் கல்லாவில் உட்காருகிறார், நான் கல்லின் முன் நிற்கிறேன். பாபா கங்காநாத் மார்க்கைத் தாண்டினால் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். அங்கே படிக்கிற பிள்ளைகளால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

போன மாதம் கிருஷ்ணகிரிப் பெண் ஒருத்தி போன் செய்தாள். வேறொரு கல்லூரிப் பக்கம் புதிதாக இட்லி வண்டி போட்டிருக்கிறாள். "அக்கா, கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் என்று பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான்கு நாளாக மாவு அப்படியே திரும்பி வருகிறது. வண்டியை வேறு இடத்துக்குத் தள்ளிவிடட்டுமா?" என்று கேட்டாள். தள்ளாதே என்று சொல்லி ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதில் பாதி அவள் காதில் ஏறியிருக்காது, பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதனால் எழுதிவைக்கிறேன். அவளைப் போல வேறு யாருக்காவது பயன்படட்டும்.

இதில் சொல்வது பெரும்பாலும் 2019 குளிர்காலத்தில், எதிரே இருக்கும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஹாஸ்டல் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியபோது, நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் கணக்குப் போடுங்கள், பிறகு கோபப்படுங்கள்

பிள்ளைகள் வேலைநிறுத்தம் என்றதும் இரவுக் கடைக்காரர்கள் எல்லோரும் முதல் நாளே திட்ட ஆரம்பித்துவிடுவோம். நானும் திட்டினேன். "படிக்க வந்தவர்களுக்கு எதற்கு இந்த வேலை" என்று. மூன்றாம் நாள் இரவு, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பின்பக்கம் திருப்பிப் பேனாவால் கணக்குப் போட்டார்.

அந்த ஆண்டு அக்டோபர் 28 அன்று புதிய ஹாஸ்டல் விதிகளின் வரைவு வந்தது. தனி அறை வாடகை மாதம் 20 ரூபாயிலிருந்து 600 ஆகிறது. இருவர் அறைக்கு 10 ரூபாயிலிருந்து 300. அதுவரை இல்லாத சேவைக் கட்டணம் மாதம் 1,700. மெஸ் முன்பணம் 5,500 ரூபாயிலிருந்து 12,000. பேப்பரில் எல்லோரும் "பத்து ரூபாய் வாடகை" என்பதையே பிடித்துக்கொண்டு கேலி பேசினார்கள். அந்த 1,700 ரூபாயைப் பேசியவர்கள் குறைவு.

இருவர் அறையில் இருக்கும் பிள்ளைக்கு மாதம் கூடுவது 290-ம் 1,700-ம் சேர்த்து 1,990 ரூபாய். அப்போது எங்கள் மசாலா தோசை 50 ரூபாய். ஆக, ஒரு பிள்ளையின் சட்டைப்பையிலிருந்து மாதம் 40 தோசை போகிறது. "அவன் எங்கே நம்மிடம் 40 தோசை சாப்பிட்டான்? வாரத்துக்கு இரண்டு, மாதத்துக்கு எட்டு" என்றேன். "அதைத்தான் சொல்கிறேன். அந்த எட்டும் போய், இன்னும் 32 தோசைக்கு அவன் வேறு எங்கோ வாயைக் கட்ட வேண்டும்" என்றார்.

அன்றோடு திட்டுவதை நிறுத்தினேன். வேலைநிறுத்தம் கடையை ஒரு மாதம், இரண்டு மாதம் அடிக்கும். கட்டணம் ஏறிவிட்டால் அது ஒவ்வொரு மாதமும் அடிக்கும், பிள்ளைகள் ஊர்வலம் போகாத மாதத்திலும். ஹாஸ்டல் பிள்ளை பணம் குறைந்தால் முதலில் வெட்டுவது இரவுச் சாப்பாட்டுச் செலவைத்தான். மெஸ்ஸில் ஒரு வேளை எப்படியும் கிடைத்துவிடும். இரவு பன்னிரண்டு மணித் தோசை ஆடம்பரம். டெல்லியில் மது அருந்தச் சட்டப்படி 25 வயதாக வேண்டும் என்பதால் இந்தப் பிள்ளைகளின் இரவு வாழ்க்கை என்பது பெரும்பாலும் டீ, பிரெட் ஆம்லெட், மோமோ, தோசை, ஜெராக்ஸ் கடைதான். அடி விழுந்தால் நம் தலையில்தான் விழும்.

எனவே நீங்கள் கடை போட்டிருக்கும் இடத்தில் போராட்டம் தொடங்கினால், முதல் நாளே ஒரு துண்டுப் பிரசுரத்தை வாங்கிப் படியுங்கள். என்ன கட்டணம், எவ்வளவிலிருந்து எவ்வளவு, மாதமா பருவமா, யாருக்கு விலக்கு. அதை உங்கள் பண்டத்தின் விலையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் பொறுக்கலாம் என்பது அந்தக் கணக்கில் தெரியும். நாங்கள் அதன்படி மூன்று மாதம் பொறுத்தோம்.

கூட்டம் குறையவில்லை, நேரம் மாறியிருக்கிறது

கிருஷ்ணகிரிப் பெண் செய்த தவறு இதுதான். வழக்கம்போல் ஏழு மணிக்கு வண்டியைத் திறந்து பத்து மணிக்கு மூடியிருக்கிறாள். போராட்டக் காலத்தில் ஏழு மணிக்கு யார் வருவார்கள்? அப்போதுதான் பேரணியிலிருந்து திரும்பிக் கால் வலியோடு படுத்திருப்பார்கள்.

இங்கே வழக்கம் இப்படி. இரவு மெஸ் சாப்பாடு முடிந்ததும் ஒன்பதரை வாக்கில் கூட்டங்கள் தொடங்கும். எல்லா மாணவர்களும் கூடுகிற பொதுக்குழு என்றால் பேச்சு விடியும்வரை கூடப் போகும். நடுவில் பசிக்கும். நள்ளிரவுக்கு மேல் பத்துப் பேர், பதினைந்து பேராக வருவார்கள். மஷால் ஜுலூஸ் என்று தீப்பந்தம் பிடித்து ஊர்வலம் போகிற இரவுகளில் ஊர்வலம் முடிந்த அரை மணிக்குள் ஒரே நேரத்தில் நாற்பது பேர் நிற்பார்கள். டஃப்லி என்ற கைப்பறையை அடிக்கிற சத்தம் எங்கள் சந்துவரை கேட்கும். அது நின்றதும் கல்லில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்துவிடுவேன்.

நவம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து கடையை ஒன்பது மணிக்குத் திறந்தோம், மூன்று மணிக்கு மூடினோம். மொத்தம் ஆறு மணி நேரம்தான். விற்பனை வழக்கத்தில் முக்கால் பங்குக்கு வந்துவிட்டது. உதவிக்கு இருந்த தர்பங்காப் பையனுக்கு மட்டும் தூக்கம் கெட்டுப்போனது. அவனுக்கு நாள்கூலியோடு இன்னும் 50 ரூபாய் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் மோமோ வண்டிக்குப் போயிருப்பான்.

எங்களுக்கு இன்னொரு வாடிக்கை உண்டு. ஹௌஸ் காஸ் பக்கத்து மதுக்கூடங்களில் வேலை செய்யும் சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள். வேலை முடிந்து ஒரு மணிக்கு மேல் முனிர்கா அறைக்குத் திரும்பும் வழியில் சாப்பிடுவார்கள். போராட்டத்துக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு என்று நினைத்திருந்தேன். சாலையை மறித்த நாள்களில் அங்கே கார்கள் போய்ச் சேரவில்லை, மேசைகள் காலியாக இருந்தன, முதலாளி பாதிப் பேரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டிப்ஸ் இல்லாத இரவில் அவர்கள் வாங்கியது சாதா தோசை. மசாலாவா, சாதாவா என்று பார்த்தே அன்றைக்கு நகரத்தின் மேல்மட்டத்தில் வியாபாரம் எப்படி என்று சொல்லிவிடுவேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் அந்த மாதங்களில் சிரித்த முகமாக இருந்தார். துண்டுப் பிரசுரம், சுவரொட்டி என்று அவர் இயந்திரம் ஓயவில்லை. அவரிடம் ஒரு டீயை நீட்டினால் நாளைக்கு எங்கே ஊர்வலம், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். பிரசுரம் அடிக்க வரும்போது அவர் படித்துவிடுகிறாரே!

மாவு

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். போராட்டத்தில் நான் இழந்த பணத்தில் பாதி வராத வாடிக்கையாளர்களால் போகவில்லை, புளித்துப்போன மாவில் போனது.

டெல்லிக் குளிரில் மாவு பொங்குவதே ஒரு பாடு. கோடையில் ஏழு மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டி வழிகிற மாவு, டிசம்பரில் பதினெட்டு மணி நேரம் ஆனாலும் அசையாது. 2019 டிசம்பர் இன்னும் மோசம். அந்த மாதம் 30-ஆம் தேதி பகலிலேயே வெப்பநிலை 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, ஒரு பிடி அவலையும் ஊறவைத்துச் சேர்த்து, உப்பைப் பொங்கிய பிறகே போட்டு, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அணைத்த அடுப்பின் பக்கத்தில் வைப்பேன். அப்படியும் சில நாள் பொங்காது. அப்படிப் பாடுபட்டுப் பொங்கவைத்த மாவை, "இன்றைக்கு எல்லோரும் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார்கள்" என்று கேட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது போன்ற வேதனை வேறு இல்லை.

வழக்கமாக நாளுக்கு 8 கிலோ அரிசி, 2 கிலோ உளுந்து அரைப்போம். போராட்டம் சூடானதும் இப்படி மாற்றிக்கொண்டேன். 8 கிலோவையும் அரைப்பேன். 5 கிலோ மாவுக்குத்தான் கம்பளி. மீதி 3 கிலோவை உப்பில்லாமல் மூடி, குளிர் அடிக்கிற பின்பக்கத் திண்ணையில் வைத்துவிடுவேன். புளிக்காத மாவு இரண்டு நாள் அப்படியே கிடக்கும். வேண்டும்போது உள்ளே எடுத்துச் சூட்டில் வைத்தால் பொங்கும். டெல்லிக் குளிரால் நமக்குக் கிடைக்கிற ஒரே உபகாரம் இதுதான், விடக்கூடாது.

திடீரென்று நாற்பது பேர் வந்து மாவு போதவில்லை என்றால்? புளிக்க வேண்டாத பண்டங்கள் கைவசம் இருக்க வேண்டும். ரவா தோசைக்கு அரை மணி ஊறினால் போதும். அடை இன்னும் நல்லது. பருப்பும் அரிசியும் நான்கு மணி நேரம் ஊறினால் அரைத்து உடனே வார்க்கலாம், ஒன்று சாப்பிட்டாலே வயிறு நிற்கும். வட இந்தியப் பிள்ளைகள் அடையை முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள். "பருப்புச் சில்லா மாதிரி" என்று அவர்கள் ஊர்ப் பருப்புத் தோசையின் பெயரைச் சொன்னேன், தட்டு காலியானது. கொஞ்சம் வெல்லமும் வைத்தேன்.

மாறாக, மாவு மிஞ்சினால் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு ஊத்தப்பமாகவோ குழிப்பணியாரமாகவோ ஆக்கிவிடுங்கள். பணியாரத்துக்கு இன்னொரு வசதி, நடந்துகொண்டே சாப்பிடலாம். காகிதத்தில் ஆறு பணியாரம் 20 ரூபாய் என்று வாசல்வரை பையனிடம் கொடுத்தனுப்பினேன். தர்ணாவில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து கடைக்கு வர மாட்டார்கள், இடம் போய்விடும் என்ற பயம். அங்கேயே போனால் வாங்குவார்கள்.

தேங்காய்ச் சட்னியை அந்த மாதங்களில் நிறுத்திவிட்டேன். டெல்லியில் தேங்காய் விலை நமக்குத் தெரிந்ததுதான், மிஞ்சினால் மறுநாளுக்கு உதவாது. வறுத்த வேர்க்கடலைச் சட்னி போதும்.

இவ்வளவையும்விட லாபம் தந்தது மிளகு ரசம். நாள் முழுக்க முழக்கமிட்ட தொண்டைகள் அவை. ஒரு டம்ளர் ரசம் 10 ரூபாய். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, கொதிக்கக் கொதிக்க. பீகார், ஒடிசாப் பிள்ளைகள் அதற்கு 'மெட்ராஸ் சூப்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுக்குமல்லிக் காப்பியும் விற்றது. ஆனால் ரசத்துக்கு இணையில்லை. ஒருநாள் தொண்டை கட்டிப்போன பெண் ஒருத்தி பேச முடியாமல் விரலால் இரண்டு என்று காட்டினாள். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மறுபடி வாசலுக்குப் போனாள். அன்று ரசப் பானை மூன்று முறை நிரம்பியது.

இலவசமாகக் கொடுக்கலாமா என்று கிருஷ்ணகிரிப் பெண் கேட்டாள். முதல் வாரத்தில் நான் கொடுத்தேன், 60 இட்லி. மறுநாளும் ஒருவர் வாளியோடு வந்தார். அதற்கு மறுநாள் இருவர். நமக்கு அது தாங்காது. ரசத்தையும் பணியாரத்தையும் குறைந்த விலைக்கே கொடுத்தேன். தண்ணீர் மட்டும் இலவசம். யார் கேட்டாலும், சீருடை போட்டவர் கேட்டாலும்.

கடன் நோட்டு

உதவித்தொகை தாமதமாகும். ஊரிலிருந்து அப்பா "போராட்டத்துக்குப் போனால் பணம் அனுப்ப மாட்டேன்" என்பார். இதெல்லாம் கடைசியில் நம் நோட்டில் வந்து முடியும். கடன் கொடுக்காமல் பல்கலைக்கழகத்துக்கு எதிரில் கடை நடத்த முடியாது. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பிழைப்பு.

ஆளுக்கு 300 ரூபாய் என்று வரம்பு வைத்தேன். அதற்கு மேல் போனால் பாதியைக் கட்டிவிட்டு மறுபடி எழுதலாம். ஒவ்வொரு முறையும் அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதினால் பின்னால் "அக்கா, நான் அன்று ஊரிலேயே இல்லை" என்று வரும்.

ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள் என்பதால் பெயருக்குப் பக்கத்தில் ஹாஸ்டல் பெயரையும் எழுதுவேன். அங்கே ஹாஸ்டல்களுக்கு ஆறுகளின் பெயர்கள். காவேரி, கோதாவரி, சபர்மதி, ஜீலம், தப்தி என்று என் நோட்டில் நாட்டின் ஆறுகள் எல்லாம் ஓடும். பெரியார் என்று ஒரு ஹாஸ்டல் உண்டு. அதுவும் கேரளத்து ஆறுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் வந்த புதிதில் வேறு நினைத்துக்கொண்டு பெருமையாகப் பேசுவார்கள், நான் திருத்துவதில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அடையாள அட்டையை அடகாக வாங்காதீர்கள். நான் ஒருமுறை வாங்கினேன். 280 ரூபாய் பாக்கிக்கு ஒரு பையன் அட்டையைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனான். அந்த வாரம் வாசலில் அட்டை இல்லாத யாரையும் உள்ளே விடவில்லை. இரவு ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்து கடை வாசலில் நின்றான், கேட்கக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு. அந்தக் குளிரில் முக்கால் மணி நேரம் வாசலில் வாதாடிவிட்டு வந்திருக்கிறான். அட்டையைக் கொடுத்து, இரண்டு தோசையும் வார்த்துக் கொடுத்தேன். அதை நோட்டில் எழுதவில்லை.

கட்டணப் பிரச்சினை 2020 ஜனவரி 24 அன்று ஓரளவு தணிந்தது. பழைய ஹாஸ்டல் விதிப்படியே பிள்ளைகள் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. சரி, இனி பாக்கி வசூலாகும் என்று நிமிர்ந்தேன். மார்ச் 25 அன்று நாடே ஊரடங்கில் அடைந்தது. பிள்ளைகள் கிடைத்த வண்டியில் ஊருக்குப் போய்விட்டார்கள். நோட்டில் 31 பெயர், 7,400 ரூபாய்.

ஆளுக்கு 300 என்ற வரம்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தொகை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. 25 பேர் போன் வழியாகவே அனுப்பிவிட்டார்கள், பெரும்பாலும் நான் கேட்காமலே. அசாம்காரப் பையன் ஒருவன் 240 ரூபாயை 2022-இல் அனுப்பினான். மீதி ஆறு பேரில் யாரையும் நான் திட்டுவதில்லை. ஒருவரைத் தவிர. அவர் இப்போது தொலைக்காட்சி விவாதங்களில் நேர்மையைப் பற்றிப் பேசுகிறார்.

சாலை, சிலிண்டர், சில்லறை

நவம்பர் 18, நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் நாள். பிள்ளைகள் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் புறப்பட்டார்கள். 144 தடை உத்தரவு போட்டிருந்தார்கள். உத்யோக் பவன், படேல் சௌக் மெட்ரோ நிலையங்களை மூடினார்கள். சப்தர்ஜங் கல்லறைப் பக்கம் ஊர்வலம் நின்றுவிட்டது, தடியடி நடந்தது. அதே அரவிந்தோ மார்க்கில்தான், கொஞ்சம் தெற்கே, ஐ.என்.ஏ. மார்க்கெட் இருக்கிறது. என் உளுந்தும் கறிவேப்பிலையும் அங்கேயிருந்துதான் வரும். வீட்டுக்காரர் மதியம் போனவர் இரவு எட்டு மணிக்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்.

அன்றிலிருந்து பழக்கிக்கொண்டோம். பெரிய ஊர்வலம் இருக்கிற நாளுக்கு முந்தின நாளே சரக்கு வந்துவிட வேண்டும். வணிக சிலிண்டர் ஒன்று எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும். அவசரத்துக்கு வீட்டு சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுவராதீர்கள், அது சட்டவிரோதம். போலீஸ் நடமாட்டம் அதிகமாக இருக்கிற நாள்களில் அதை யாராவது கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

சில்லறையும் வேண்டும். 2019 டிசம்பர் 19 அன்று, இது குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்கள் நடந்த சமயம், டெல்லியின் சில பகுதிகளில் மொபைல் சேவையையே நிறுத்திவிட்டார்கள். போனில் பணம் வைத்திருந்தவன் கையில் ஒரு டீக்குக்கூடக் காசு இல்லை. பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாக 2,000 ரூபாய் கல்லாவின் அடியில் தனியாக வைத்திருங்கள். அதைத் தொடாதீர்கள்.

சீருடையும் காகிதமும்

தடை உத்தரவு என்றதும் கடையை மூட வேண்டும் என்று அர்த்தமில்லை. இப்போது அதற்குப் பெயரும் எண்ணும் மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல் பழைய 144-க்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. உத்தரவில் எந்தப் பகுதி, எத்தனை நாள், எது தடை என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கூடி நிற்பது தடை என்றால் கடை வாசலில் வரிசை நிற்க விடாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நேரில் வந்து மூடச் சொன்னால் மூடிவிடுங்கள். கல்லின் முன் நின்று சட்டம் பேசாதீர்கள், மறுநாள் பேசலாம்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம். விற்பனைச் சான்றிதழ் வைத்திருப்பவரை இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். பொருளை எடுத்துக்கொண்டு போனால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் தர வேண்டும். அழுகக்கூடிய பொருளை, அதாவது நம் மாவையும் சட்னியையும், நீங்கள் போய்க் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். அபராதம் உண்டு, அது வேறு. சான்றிதழையும் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் நகல் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியிலேயே கட்டிவிடு என்றேன். சிறு கடைக்கு அந்தப் பதிவுக்கு ஆகிற செலவு சொற்பம்தான், சோம்பலுக்கு நியாயமே இல்லை.

எந்தப் பக்கம்?

கடைச் சுவரில் சுவரொட்டி ஒட்ட விடாதீர்கள். யாருடையதையும். "அக்கா, நீங்கள் எங்கள் பக்கம்தானே?" என்று கேட்பார்கள். "நான் அடுப்புப் பக்கம்" என்பேன். எங்களிடம் இரண்டு பெஞ்ச் உண்டு. இடதுசாரிப் பிள்ளைகள் சுவர் ஓரமாக, மற்றவர்கள் சந்து ஓரமாக, முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்து ஒரே சட்னி வாளியை மாற்றி மாற்றி எடுப்பார்கள். வாளி ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தேன், வேண்டுமென்றே. "அண்ணா, அதைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள்" என்று பேசித்தானே ஆக வேண்டும்.

ஆனால் மூட வேண்டிய இரவு ஒன்று வரும், அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு அது 2020 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. முகமூடி போட்ட கும்பல் தடிகளோடு வளாகத்துக்குள் புகுந்து பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் அடித்தது. எங்களுக்கு முதலில் எதுவும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு சரியாக இருக்காது என்று வழக்கமாக வருகிற ஒரு பிள்ளைகூட வரவில்லை. வழக்கத்தில் வராத ஆள்கள் இரண்டு பேர் வந்து, எதுவும் வாங்காமல், யார் யார் இங்கே சாப்பிட வருவார்கள் என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கேஸை அணைத்தேன்.

அப்போது செய்ய வேண்டியது: முதலில் அடுப்பு, பிறகு கடன் நோட்டு. ஆம், நோட்டுதான். அதில் பெயர், ஹாஸ்டல் எல்லாம் இருக்கிறது. யார் கையிலும் சிக்கக்கூடாது. புடவைக்குள் செருகிக்கொண்டேன். பிறகு கல்லா. கொதிக்கிற எண்ணெய், ரசம் எதையும் வழியில் வைக்காதீர்கள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை விரட்டாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவர்கள் போன் செய்து பேசி முடிக்கும்வரை இருக்கவிடுங்கள். அன்று எங்களோடு உள்ளே மற்ற வாடிக்கையாளர்கள் ஏழு பேர் இருந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்குத்தான் போனார்கள்.

மறுபடி திறக்கும்போது

அதன் பிறகு ஆறு நாள் கடையைத் திறக்கவில்லை. திறக்கிற முதல் நாள் முழு மாவு அரைக்காதீர்கள், பாதி போதும். வழக்கமான நேரத்துக்கே திறங்கள். கடை திறந்திருக்கிறது என்பது தெரிய மூன்று நாள் ஆகும். விலையை அந்த வாரம் ஏற்றாதீர்கள்.

கல் ஆறு நாள் சூடு படாமல் கிடந்தால் எண்ணெய்ப் பதம் போயிருக்கும், ஓரத்தில் துரு தெரியும். உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மெல்லிய தீயில் கால் மணி நேரம் காயவிடுங்கள். பிறகு பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தோய்த்து, கல் முழுவதும் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். இரண்டு முறை. முதல் மூன்று தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். அவற்றைப் பையனும் நானும் சாப்பிட்டோம். நான்காவதை ஜெராக்ஸ் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கினார்.